வீட்டுக்கு வரும் டாக்டரை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது. அப்பா போன பிறகு கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரில். பல வருடங்களாக ஒரே டாக்டர்தான் பார்க்கிறார். கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். அவர் சொன்னால் அம்மாவுக்கு வேதவாக்கு. போன வாரம் ஷிப்மன் என்ற ஆங்கிலேய டாக்டரைப் பற்றிய ஆவணப்படம் பார்த்தேன். அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. டாக்டரை மாற்றிவிடலாமா? அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பதில்: மாற்ற வேண்டாம். கூப்பிட்ட குரலுக்கு வீடு தேடி வருகிற டாக்டர் இன்று எந்த ஊரிலும் சுலபமாகக் கிடைப்பதில்லை. அம்மாவிடம் ஆவணப்படத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள். தனியாக இருக்கிற மனுஷிக்கு நம்பிக்கையான ஓர் ஆளைப் பறித்துவிட்டு, பதிலுக்கு ஒரு பயத்தைக் கொடுத்ததுதான் மிச்சமாகும்.

அதற்காக உங்கள் கவலையை வீண் என்று தள்ளவும் மாட்டேன். நானும் வீடுகளுக்குப் போய் வயதானவர்களைப் பார்க்கிறவன்தான். ஷிப்மன் விசாரணை அறிக்கையைப் படித்தபோது என்னை உலுக்கியது அந்த மனிதருடைய கொடூரம்கூட அல்ல. அவர் செய்ததில் பெரும்பகுதி நாங்கள் தினமும் செய்கிற வேலை. கதவைத் தட்டுவது, நலம் விசாரிப்பது, ஊசி போடுவது, இறந்தால் சான்றிதழ் எழுதுவது.

விஷயம் இதுதான். ஹெரால்ட் ஷிப்மன் மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற சிறு நகரத்தில் குடும்ப டாக்டர். 1977-இல் அங்கே ஒரு கூட்டு மருத்துவமனையில் சேர்ந்தார். 1992-இல் மார்க்கெட் தெருவில் தனியாகத் தொடங்கினார். சுமார் 3,000 நோயாளிகள் அவரிடம் பதிவு செய்திருந்தார்கள். மற்ற டாக்டர்கள் வீட்டுக்கு வரத் தயங்கிய காலத்தில் இவர் தயங்கவில்லை. வயதான பெண்களுக்கு இவர்மேல் தனிப் பிரியம். 2000 ஜனவரி 31 அன்று, 15 பேரைக் கொன்ற குற்றத்துக்காக அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 15 பேரும் பெண்கள், 49 வயதிலிருந்து 81 வயது வரை. நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை 2002-இல் வெளியிட்ட முதல் அறிக்கை 215 கொலைகளை உறுதி செய்தது. கடைசி மதிப்பீடு ஏறத்தாழ 250. ஏன் செய்தார் என்று அவர் வாய் திறக்கவே இல்லை. 2004-இல் வேக்ஃபீல்ட் சிறையில் தூக்கில் தொங்கினார். அந்த 'ஏன்' நமக்குத் தேவையும் இல்லை. எப்படி முடிந்தது என்பதுதான் தேவை.

பெரிய தந்திரம் எதுவும் இல்லை. எல்லாமே ஒரே ஆள் கையில் இருந்தது. புற்றுநோயாளிகளுக்கென்று டயாமார்ஃபின் என்ற மார்ஃபின் வகை வலிமருந்தை அளவுக்கு மீறி எழுதி மிச்சத்தை வைத்துக்கொண்டவர் அவர். ஊசி போட்டவர் அவர். இறந்த பிறகு காரணம் எழுதியவர் அவர். பிரேதப் பரிசோதனை தேவையில்லை என்று குடும்பத்துக்கு ஆறுதலாகச் சொன்னவரும் அவர். பிறகு மருத்துவமனைக்குத் திரும்பி, இறந்தவருக்கு முன்பே நெஞ்சுவலி இருந்ததாகக் கம்ப்யூட்டரில் பழைய தேதியிட்டு எழுதியவரும் அவரே. எந்தப் பதிவை எந்த நிமிடத்தில் தட்டினார் என்று அந்த மென்பொருள் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. நீதிமன்றத்தில் அது அவரைக் காட்டிக்கொடுத்தது.

ஆகவே உங்கள் டாக்டர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சியில் இறங்காதீர்கள். முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஹைட்டில் ஒரே கட்டடத்தில் கூட வேலை பார்த்த டாக்டர்களுக்கே தெரியவில்லை. 215-இல் 71 கொலைகள் அந்தக் கூட்டு மருத்துவமனைக் காலத்தில் நடந்தவை. கைதான பிறகும் அவருக்காகப் பரிந்து பேசிய நோயாளிகள் இருந்தார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: அம்மாவின் விஷயத்தில் எத்தனை சாவிகள் ஒரே ஆளிடம் இருக்கின்றன? ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுங்கள். நல்ல டாக்டருக்கு இதனால் ஒரு குறைவும் வராது.

முதல் சாவி, ஏடு. அம்மாவின் மருத்துவ வரலாறு டாக்டரின் ஞாபகத்திலும் டாக்டரின் மேசையிலும் மட்டும் இருந்தால் அது உங்களிடம் இல்லை என்று அர்த்தம். வீட்டில் ஒரு ஃபைல் போடுங்கள். மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. எல்லாம் அதில் போகட்டும். ஒவ்வொரு சீட்டையும் வேலைக்கார அம்மாவோ பக்கத்து வீட்டுப் பையனோ போட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பட்டும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளியாக இருந்திருந்தால் அந்தப் பதிவுகளை மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். சீட்டில் டாக்டரின் பதிவு எண்ணும் இருந்தாக வேண்டும். அந்த எண் படிப்புக்குத்தான் சாட்சி, குணத்துக்கு அல்ல. ஷிப்மனும் முறையாகப் பதிவு செய்த டாக்டர்தான். பெத்திடின் என்ற வலிமருந்து ஊசிக்கு அடிமையாகி, அதற்காகப் பொய்ச்சீட்டு எழுதி, 1976-இல் நீதிமன்றத்தில் 600 பவுண்ட் அபராதம் கட்டியவர். மருத்துவக் கவுன்சில் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டது. ஹைட் நோயாளிகள் யாருக்கும் இது தெரியாது.

வருடத்துக்கு ஒருமுறை, அந்த ஃபைலோடு அம்மாவை வேறொரு டாக்டரிடம் காட்டுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருக்கட்டும், பெங்களூருக்கு வரும்போது உங்கள் வீட்டுப் பக்கத்து டாக்டராக இருக்கட்டும். "இத்தனை மாத்திரையும் வேண்டுமா, எதையாவது குறைக்கலாமா?" என்று மட்டும் கேளுங்கள். வயதானவர்களுக்குத் தேவையில்லாத மாத்திரைகள் சேர்ந்துபோவதுதான் நான் தினமும் பார்க்கிற ஆபத்து. கொலைகார டாக்டரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்தது ஊசி. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட வரி அதுதான். "ஊசி போட்டுவிட்டுப் போவார்" என்கிறீர்கள். என்ன ஊசி என்று உங்களுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். நம்மூரில் "சத்து ஊசி" என்றால் யாரும் மேலே கேட்பதில்லை. ஷிப்மனின் நோயாளி கேத்லீன் கிரண்டி படித்தவர், ஹைட் நகர முன்னாள் மேயரின் மனைவி, 81 வயதிலும் ஓடியாடிச் சமூக சேவை செய்தவர். முதுமை பற்றிய ஓர் ஆய்வுக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று ஷிப்மன் சொன்னபோது அவரும் மேலே கேட்கவில்லை. 1998 ஜூன் 24 காலையில் கையை நீட்டினார். அன்று முதியோருக்கு மதியச் சாப்பாடு பரிமாற அவர் வரவில்லை என்று தேடிப்போனவர்கள்தான் உடலைக் கண்டார்கள். இறப்புச் சான்றிதழில் ஷிப்மன் எழுதிய காரணம்: முதுமை.

அம்மா வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, நேரம், ஊசியின் பெயர், அளவு, எதற்கு என்று ஐந்து விஷயம். டாக்டரே எழுதட்டும். காலி மருந்துக் குப்பியை அன்றைக்கே குப்பையில் போடாமல் இரண்டு நாள் ஒரு டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். ஊசி போடும்போது வேலைக்கார அம்மாவோ எதிர்வீட்டு மாமியோ பக்கத்தில் இருப்பது நல்லது. காவலுக்கு அல்ல, மயக்கமோ ஒவ்வாமையோ வந்தால் ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக. டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் இருக்கும். நேரில் போய், "டாக்டர், நான் தூரத்தில் இருக்கேன், ராத்திரியில் அம்மாவுக்கு ஏதாவது ஆகி 108-இல் ஏற்றினால், என்ன மருந்து போயிருக்குன்னு அவங்க கேட்பாங்க. நீங்க ஒரு வரி எழுதிட்டுப் போனா எனக்குப் பெரிய உதவி" என்று சொல்லுங்கள். இது பொய்யும் இல்லை. என்னிடம் ஒரு குடும்பம் இப்படிக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். கோபித்துக்கொள்கிற டாக்டர் கொலைகாரர் ஆகிவிட மாட்டார். ஆனால் எழுதவே மறுக்கிறவரிடம் ஊசி போட்டுக்கொள்வதை நிறுத்துங்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டாலே மிரளாதீர்கள். புற்றுநோய் முற்றிய நிலையில் வலிக்கு மார்ஃபினைப் போல் கைகொடுக்கிற மருந்து இல்லை. ஷிப்மனால் பயந்து, உண்மையிலேயே வலியில் துடிக்கிற ஒருவருக்கு அதை மறுத்தால் அது வேறு விதமான கொடுமை. எண்ணி வாங்குங்கள், எண்ணிக் கொடுங்கள். நோயாளி போன பிறகு மிச்சத்தைக் கொடுத்த மருத்துவமனையிலேயே எண்ணித் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஷிப்மனுக்கு மருந்து வந்த ஒரு வழி, இறந்தவர்கள் வீட்டில் மிஞ்சியதை "நான் அழித்துவிடுகிறேன்" என்று எடுத்துக்கொண்டு போனது.

உயில் விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஷிப்மன் மாட்டியது அங்கேதான். கிரண்டியின் பெயரில் ஓர் உயில் ஒரு வக்கீல் அலுவலகத்துக்குத் தபாலில் வந்தது. தாறுமாறாகத் தட்டச்சு செய்யப்பட்ட காகிதம். மகளுக்கு ஒன்றுமில்லை, 3,86,000 பவுண்ட் மதிப்புள்ள சொத்து டாக்டருக்கு, உடலை எரிக்க வேண்டும் என்று வேறு கட்டளை. மகளே ஒரு வக்கீல். அம்மாவின் நிஜமான உயில் அவர் அலுவலகத்தில் இருந்தது. அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களைத் தேடிப் போனார். மருத்துவமனையில் காத்திருந்த நோயாளிகள் அவர்கள். டாக்டர் கூப்பிட்டு, மடித்து வைத்த காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார், போட்டார்கள். மகள் போலீஸுக்குப் போனார். ஆகஸ்ட் 1 அன்று கல்லறையைத் தோண்டினார்கள், உடலில் மார்ஃபின். ஷிப்மனிடம் இருந்த பழைய பிரதர் தட்டச்சுப் பொறியில் அடித்ததுதான் அந்த உயில். காகிதத்தில் அவருடைய விரல் ரேகையும் இருந்தது. செப்டம்பர் 7-இல் கைது.

இதிலிருந்து உங்களுக்கு: அம்மா உயில் எழுதியிருக்கிறாரா, எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கும் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் சட்டப்படி உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, இரண்டு சாட்சி போதும். ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். பார்த்துக்கொள்கிற டாக்டர், நர்ஸ், வீட்டு உதவியாளர் யாரும் அதில் சொத்து பெறுகிறவராகவோ நிறைவேற்றுகிறவராகவோ இருக்க வேண்டாம். அவர்களுக்கு ஏதாவது செய்ய அம்மா ஆசைப்பட்டால் இருக்கும்போதே, எல்லாருக்கும் தெரிய, கையில் கொடுக்கட்டும். இன்னொன்று: முழுதாகத் திறந்து காட்டாத காகிதத்தில் அம்மா கையெழுத்தோ கைரேகையோ வைக்கக் கூடாது. சாட்சியாகக்கூட.

இறப்பின்போது என்ன செய்வது என்று எழுத எனக்கும் சங்கடம்தான். ஆனால் ஹைட்டில் அத்தனை பேர் செத்தும் வெளியே தெரியாமல் போனது இந்த இடத்தில்தான். அங்கே அப்போது உடலை எரிப்பதற்கு இரண்டாவது டாக்டர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எதிரே இருந்த மருத்துவமனை டாக்டர்கள் ஷிப்மனுக்காக அதைச் செய்துவந்தார்கள். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள், குடும்பத்தாரைக் கேட்கவில்லை. நம்மூரில் நிலைமை இன்னும் தளர்வு. வீட்டில் ஒருவர் இறந்தால் தெரிந்த டாக்டரிடம் ஓடி, "சுடுகாட்டில் கேட்பாங்க, ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடுங்க" என்று நிற்கிறோம். உடலைப் பார்க்காமலே "மாரடைப்பு" என்று எழுதிக் கொடுப்பதும் நடக்கிறது. அன்று சாயங்காலமே தகனம். பிறகு எந்தக் கேள்விக்கும் பதில் கிடையாது. ஷிப்மன் வழக்கில் நிரூபணமான 15 பேரில் 9 பேர் புதைக்கப்பட்டவர்கள் என்பதால்தான் உடலிலிருந்து சாட்சியம் எடுக்க முடிந்தது.

எண்பதை நெருங்குகிறவர் தூக்கத்தில் இறந்தால் அநேகமாக அது இயற்கையான சாவுதான். ஒவ்வொரு சாவையும் போலீஸ் கேஸ் ஆக்கச் சொல்லவில்லை. மூன்று விஷயத்தைக் கேளுங்கள், போதும். கடைசியாகப் பார்த்தவர் யார், எத்தனை மணிக்கு? அன்றைக்கு ஊசியோ புது மருந்தோ போயிற்றா? டாக்டர் எழுதியிருக்கிற காரணம், ஃபைலில் இருக்கிற வியாதியோடு ஒத்துப்போகிறதா? ஷிப்மனின் நோயாளிகள் பலரும் வெளியே போகிற உடையில், நாற்காலியில் சாய்ந்தபடி, டாக்டர் வந்துபோன சற்று நேரத்தில் இறந்துகிடந்தார்கள். நாள்பட்டுப் படுக்கையில் கிடந்து போகிறவர்களின் சாவு அப்படி இருக்காது. மதியம் இரண்டு மணி வாக்கில், அதாவது டாக்டர் வீட்டு விசிட் போகிற நேரத்தில், சாவுகள் குவிந்திருந்தன என்பதைப் பிற்பாடு புள்ளியியலாளர்கள் காட்டினார்கள்.

பதில்களில் ஒன்று இடித்தால், ஃப்ரீசர் பாக்ஸ் வரவழையுங்கள், தகனத்தை ஒருநாள் தள்ளுங்கள். உறவுக்காரர்கள் "வெளியூரிலிருந்து வரணும்" என்றால் தள்ளிப்போடுகிறவர்கள்தானே. சந்தேகம் வலுவாக இருந்தால் உள்ளூர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். போலீஸார் பழக்கத்தில் '174' என்பார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 194-ஆம் பிரிவு. "அம்மாவை அறுத்துப் போடணுமா" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். ஷிப்மனுக்கு உதவியதும் அந்த மனசுதான். அவர் "வேண்டாம்" என்றபோது குடும்பங்கள் நன்றியோடு தலையாட்டின. சான்றிதழ் விஷயத்தில் நமக்குப் புது உரிமை ஒன்று உண்டு. 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, மரணக் காரணச் சான்றிதழின் நகலை டாக்டர் நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். இங்கிலாந்து இதையெல்லாம் சரிசெய்ய எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது பாருங்கள்: சிகிச்சையில் சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டர் ஒவ்வொரு மரணக் காரணத்தையும் ஆராய வேண்டும் என்பது அங்கே சட்டபூர்வமாக நடைமுறைக்கு வந்தது 2024 செப்டம்பரில்தான்.

அம்மாவைச் சுற்றி இருக்கிறவர்களைப் பற்றி. ஹைட்டில் முதலில் சந்தேகப்பட்டவர்கள் டாக்டர்களோ அதிகாரிகளோ அல்ல. ஒரு டாக்சி ஓட்டுநர். அவர் வழக்கமாக ஏற்றிக்கொண்டு போகிற பாட்டிமார்கள் ஒவ்வொருவராக இறப்பதைக் கவனித்துப் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டே வந்தார். தன் பேச்சை யார் நம்புவார்கள் என்று வெகுகாலம் வெளியே சொல்லவில்லை. இன்னொருவர் சவ அடக்கம் செய்யும் குடும்பத்துப் பெண். அவர் எதிர் மருத்துவமனை டாக்டர் லிண்டா ரெனால்ட்ஸிடம் சொல்ல, ரெனால்ட்ஸ் 1998 மார்ச்சில் மரண விசாரணை அதிகாரியிடம் புகார் செய்தார். போலீஸ் அரைகுறையாக விசாரித்தது. ஷிப்மனுக்குப் பழைய தண்டனை உண்டா என்றுகூடப் பார்க்கவில்லை. ஏப்ரலில் கோப்பை மூடினார்கள். அதன் பிறகு மூன்று பேர் செத்தார்கள், கடைசியாகக் கிரண்டி.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வேலைக்கார அம்மா, பூக்காரம்மா, ஆட்டோக்காரர், எதிர்வீட்டு மாமி எல்லாரிடமும் உங்கள் நம்பரைக் கொடுங்கள். "அம்மா விஷயத்தில் ஏதாவது ஒரு மாதிரி பட்டா என்கிட்ட சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல, நான் யார்கிட்டயும் உங்க பேரைச் சொல்ல மாட்டேன்" என்று அழுத்திச் சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும். ஒருமுறை கேலி செய்துவிட்டால் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார்கள். டாக்டரைப் பற்றி மட்டுமல்ல, வீட்டுக்கு வருகிற சொந்தக்காரனைப் பற்றியும் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

நாளைக்கே உங்களுக்கு நிஜமான சந்தேகம் வந்தால், டாக்டரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். ஏடு அவர் கையில் இருக்கிறது. எச்சரிக்கை செய்த மாதிரி ஆகிவிடும். நோட்டுப் புத்தகத்தையும் குப்பிகளையும் ஃபைலையும் முதலில் வீட்டை விட்டு எடுத்துவிடுங்கள். எந்த நாள், எந்த நேரம், யார் பார்த்தது என்று தேதி வரிசையில் ஒரு பக்கம் எழுதுங்கள். "எனக்கு என்னமோ தோணுது" என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். மருத்துவ நடத்தை சம்பந்தமான புகார் சென்னையில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிவுத் தபாலில் போகட்டும். குற்றம் என்று நினைத்தால் கவுன்சிலுக்காகக் காத்திருக்காமல் நேராகக் காவல் நிலையம். உள்ளூரில் அந்த டாக்டருக்குச் செல்வாக்கு இருந்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள். காவல் நிலையத்தில் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.